தட்டைக் காலி செய்யும் கை: காலம் முடிந்த பழக்கத்தை எப்படி விடுவது?

கேள்வி கேட்டவர் நாற்பதைத் தொட்டவர். வேடசந்தூர் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பியிருந்த வீட்டில் பிறந்து, பாலிடெக்னிக் படித்து, இப்போது ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மனசு பொறுப்பதில்லை. பிள்ளைகள் வைத்த மிச்சத்தையும் சேர்த்து முடித்துவிடுகிறார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்து, கீழே எட்டுப் பேர் இருந்தும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தானே மறுபடி பார்க்காமல் அனுப்புவதில்லை. அப்புறம், "கொஞ்சம் அசந்தாலும் எல்லாம் கையை விட்டுப் போய்விடும்" என்ற எண்ணம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்கூட அவரை உட்கார விடுவதில்லை. "இவை ஒரு காலத்தில் என்னைக் காப்பாற்றியவை, இப்போது வேண்டாம் என்று நன்றாகவே தெரிகிறது. தெரிந்தும் விட முடியவில்லையே, எனக்கு மனவுறுதி போதாதா?" என்று முடித்திருக்கிறார்.

மனவுறுதி போதாத ஆள் அந்த மானாவாரிக் காட்டிலிருந்து கிளம்பி எட்டுப் பேருக்குப் பொறுப்பாளர் ஆகியிருக்க மாட்டார். எனவே அந்தச் சந்தேகத்தை ஓரமாக வைத்துவிடலாம். உளவியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் நான் முதலில் கவனித்தது வேறு. நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். தட்டைக் காலி செய்வது கை செய்கிற வேலை. "அசந்தால் போய்விடும்" என்பது மனம் செய்கிற கணிப்பு. ரிப்போர்ட் விஷயம் இரண்டும் கலந்தது. கையின் பழக்கமும் மனதின் நம்பிக்கையும் வேறு வேறு வழியில் உண்டானவை, வேறு வேறு வழியில்தான் தளரும். ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்துவிட்டு, நடக்கவில்லை என்றதும் தன்னையே நொந்துகொள்வது மிகப் பரவலாக நடக்கிற விஷயம்.

கையில் இருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் டேவிட் நீல், வெண்டி வுட் முதலிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. சினிமா தியேட்டருக்கு வந்தவர்களுக்குப் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்கு அப்போதுதான் பொரித்தது, சிலருக்கு ஏழு நாள் பழையது, நமுத்துப்போனது. தியேட்டரில் பாப்கார்ன் சாப்பிடும் பழக்கம் அவ்வளவாக இல்லாதவர்கள் பழைய பாப்கார்னைக் குறைவாகவே தின்றார்கள். பழக்கம் ஊறியவர்களோ புதியதை எவ்வளவு தின்றார்களோ, ஏறக்குறைய அதே அளவு நமுத்ததையும் தின்று தீர்த்தார்கள். கேட்டால், நன்றாக இல்லை என்றுதான் சொன்னார்கள். நாக்கு வேண்டாம் என்கிறது, கை அதைக் கேட்கவில்லை. அதே மாதிரி ஆட்களை ஒரு சாதாரண அறையில் உட்கார வைத்து, பாட்டு வீடியோ போட்டு, பாப்கார்ன் கொடுத்தபோது இந்தக் கூத்து நடக்கவில்லை. நமுத்ததை ஒதுக்கிவிட்டார்கள்.

அடுத்த கட்டத்தில் தியேட்டரிலேயே, வழக்கமாக உபயோகிக்காத கையால் சாப்பிடச் சொன்னார்கள். அந்தச் சின்ன மாற்றமே போதுமானதாக இருந்தது. பழக்கக்காரர்களும் நமுத்த பாப்கார்னைக் குறைத்துக்கொண்டார்கள். (நம் வீட்டில் இதை அப்படியே செய்ய முடியாது. இடது கையால் சோற்றைத் தொட்டால் வேறொரு சண்டை ஆரம்பமாகிவிடும்.)

இந்தச் சோதனையை நான் வகுப்பில் சொல்வதற்குக் காரணம், "தெரிந்தும் விட முடியவில்லையே" என்ற வருத்தத்துக்கு இதில் நேரடியான பதில் இருக்கிறது. ஊறிப்போன பழக்கம் உங்கள் விருப்பத்தையும் அறிவையும் கலந்தாலோசித்துவிட்டு நடப்பதில்லை. இடம், நேரம், பாத்திரம், பக்கத்தில் இருக்கும் ஆள் என்று ஏதோ ஒன்று அதைத் தட்டி எழுப்புகிறது. உங்கள் வீட்டில் சாப்பாடு முடியும் நேரம், பிள்ளைகள் எழுந்து போவது, அவர்கள் தட்டு உங்கள் கண் முன்னால் கிடப்பது, இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தத் தூண்டுதல். அந்த நொடியில் "எனக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது" என்ற அறிவு கணக்கிலேயே வராது. வந்தாலும் கடைசி உருண்டைக்குப் பிறகுதான் வரும்.

சரி, அந்த நேரத்தில் மனதை அடக்கிப் பார்க்கலாமே என்றால், அது பெரும்பாலும் எதிராகத்தான் போகும். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றதும், முதலிலிருந்தே தாராளமாக நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அதிகமாக வந்தது. "இன்றைக்கு மிச்சத்தைத் தொடவே கூடாது" என்று காலையிலிருந்து ஜபித்துக்கொண்டிருந்தால், நாள் முழுக்க அந்த மிச்சத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது, சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் சொல்லாமல் விடுவது. பழைய பழக்கம் அழிவதே இல்லை. பாவ்லோவ் நாய்களை வைத்துச் செய்த சோதனையின் முதல் பாதி எல்லோருக்கும் தெரியும்: உணவுக்கு முன் ஒரு சத்தம் கேட்கவைத்துக்கொண்டே இருந்தால், பிறகு சத்தத்துக்கே எச்சில் ஊறும். இரண்டாவது பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சத்தம் கேட்டும் உணவு வரவில்லை என்று திரும்பத் திரும்பச் செய்தால் எச்சில் நின்றுவிடும். ஆனால் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி சத்தம் எழுப்பினால், நின்றுபோன எச்சில் தானாகத் திரும்பி வந்தது. அழிந்திருந்தால் திரும்ப வர வழியில்லை.

வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர். அவர் காட்டியது இது: ஒரு விலங்கு ஒரு கூண்டில் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது, வேறு கூண்டில் அதை விட்டுவிடக் கற்றுக்கொள்கிறது. திரும்பப் பழைய கூண்டுக்குக் கொண்டுபோனால் பழைய நடத்தை எழுந்து வந்துவிடுகிறது. கற்றதை விடுவது என்று நாம் சொல்வது உண்மையில் பழையதன்மேல் புதிதாக இன்னொன்றைக் கற்பது. அந்தப் புதுப் பாடமும் தான் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓசூரில் ஆறு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போன அன்றே அம்மா கையால் மூன்று முறை சோறு வாங்கித் தட்டை வழித்துவிட்டீர்கள் என்றால், அந்த ஆறு மாதம் வீணாகிவிடவில்லை. பழைய கூண்டுக்குப் போனீர்கள், அவ்வளவுதான். ஓசூர் திரும்பியதும் ஓசூர்ப் பாடம் அங்கேயே இருக்கும். இது தெரியாதவர்கள்தான் "எல்லாம் போச்சு" என்று ஒரு வாரச் சறுக்கலை ஒரு வருடமாக நீட்டிக்கொள்கிறார்கள்.

இடத்தின் பலத்துக்கு ஒரு பெரிய சாட்சி வியட்நாம் போரில் கிடைத்தது. 1971-இல் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவிக் கிடந்தது. இவர்கள் எல்லாரும் ஊர் திரும்பினால் என்ன கதி என்று வாஷிங்டனே நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தலைமையில், திரும்பி வந்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். அங்கே இருந்தபோது ஐந்தில் ஒருவர் அளவுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஆனால் அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் போலத்தான். கிளம்புமுன் சிறுநீர்ச் சோதனையும் நச்சுநீக்கமும் நடந்தன என்பது உண்மை. ஊரில் விலை அதிகம், சரக்கின் தரம் மட்டம், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் வேறு. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், ஹெராயினையே பிடித்துவைத்திருந்ததில் இடத்துக்கும் சூழலுக்கும் எவ்வளவு பங்கு என்பது அன்றைய நிபுணர்களுக்கே அதிர்ச்சிதான். நீங்கள் ஊரையே மாற்றவேண்டியதில்லை. சாப்பாட்டு மேஜையை மாற்றினால் போதும்.

எப்படி? மிச்சத்தோடு போராடவே வேண்டாம், மிச்சம் உண்டாகும் இடத்துக்கு முன்னால் போங்கள். பிள்ளைகளுக்கு முதலில் பாதி அளவு மட்டும் போடச் சொல்லுங்கள், வேண்டுமென்றால் மறுபடி கேட்கட்டும். உங்கள் தட்டைச் சின்னதாக்குங்கள். சட்டியும் குண்டானும் மேஜைக்கு வரவேண்டாம், அடுப்படியிலேயே இருக்கட்டும். அடுத்தது, கைக்கு ஒரு மாற்று வேலை. 1973-இல் நேதன் அஸ்ரின், நன் என்ற இருவர் நகம் கடித்தல், முகச்சுழிப்பு போன்றவற்றுக்கு ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். "கடிக்காதே" என்று சொல்வதில்லை. கடிக்கத் தோன்றும் நொடியில், கடித்தலோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத வேறொரு செயலைக் கைக்குக் கொடுப்பார்கள், முஷ்டியை மூடுவது போல. உங்களுக்கு அது எளிது. பிள்ளைகள் எழுந்ததும் நீங்களும் எழுந்து தட்டுகளைச் சேர்த்து அடுக்குங்கள். நல்லபடியாக இருக்கும் மிச்சம் டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், எச்சில் பட்டது தொட்டிக்குப் போகட்டும். டப்பாவை மூடுகிற கையால் அள்ளிச் சாப்பிட முடியாது.

இதை முன்கூட்டியே ஒரு வாக்கியமாகச் சொல்லி வைத்துக்கொள்வது உதவும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990களிலிருந்து காட்டிவருவது இதுதான். "குறைத்துக்கொள்ளப் போகிறேன்" என்ற பொதுவான தீர்மானத்தைவிட, "சின்னவள் தட்டை விட்டு எழுந்தால், நான் டப்பாவை எடுப்பேன்" என்பது மாதிரியான, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வாக்கியம் அதிகம் நிறைவேறுகிறது. காரணம் நாம் மேலே பார்த்ததுதான். தூண்டும் நொடியிலேயே புதுச் செயலைக் கட்டி வைத்துவிடுகிறீர்கள்.

எத்தனை நாளில் ஊறும் என்று கேட்பீர்கள். இருபத்தொரு நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல், மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது அவ்வளவு நாளாவது ஆகிறது என்று தன் அனுபவத்தில் எழுதியது. 'குறைந்தது' என்ற சொல் காலப்போக்கில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுமட்டம் 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் உண்டாக்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது. அதனால் நாட்காட்டியில் கோடு போட்டு எண்ணாதீர்கள்.

"சோற்றை வீணாக்குவதா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அதற்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சமைத்த சோறு சமைத்ததுதான். அது தொட்டிக்குப் போனாலும் உங்கள் வயிற்றுக்குப் போனாலும் அரிசி மூட்டைக்குத் திரும்பப் போவதில்லை. கொடுத்த காசு கொடுத்ததுதான் என்பதை மனசு அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வதில்லை. ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நாடக சீசனுக்கு முழு விலை கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட, சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றுதான், போன காசின் உறுத்தல்தான் அவர்களைக் கிளப்பியது. உண்மையில் வீணாகாமல் தடுக்கும் இடம் அளந்து போடும் அரிசிதான். அரை ஆழாக்கு குறைத்து உலை வையுங்கள், உங்கள் அம்மா கற்றுக்கொடுத்த மதிப்பு அப்படியே காப்பாற்றப்படும். அந்த மதிப்பை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பஞ்ச காலத்தில் அதைக் காப்பாற்றிய முறை மட்டும்தான் இப்போது உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை.

இனி நம்பிக்கைக்கு வருவோம். இங்கே சட்டி, டப்பா எல்லாம் உதவாது.

ஆரன் பெக் என்ற மனநல மருத்துவரின் கதை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பிறரின் நம்பிக்கைகளை மாற்றக் கற்றுக்கொடுத்தவர் முதலில் தன் நம்பிக்கையைத்தான் விட்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் ஃப்ராய்டின் வழியில் முறையாகப் பயின்றவர். மனச்சோர்வு என்பது தன்மேலேயே திரும்பிய கோபம் என்பது அந்த வழியின் பாடம். விஞ்ஞான உலகம் இதை ஏற்றுக்கொள்ளும்படி நிரூபித்துக் காட்டிவிடலாம் என்றுதான் 1950களின் பிற்பகுதியில் மனச்சோர்வுக்காரர்களின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். கோபம் கொப்பளிக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்ததோ இழப்பும் தோல்வியும் ஏமாற்றமும். மேற்கொண்டு செய்த சோதனைகளும் பழைய பாடத்துக்கு எதிராகவே வந்தன. தன் ஆசிரியர்கள், சகாக்கள், பல ஆண்டுப் பயிற்சி எல்லாம் ஒரு பக்கம், தரவு மறு பக்கம். அவர் தரவின் பக்கம் வந்தார். நோயாளிகளின் தலைக்குள் சட்டென்று ஓடும் எண்ணங்களைக் கவனிப்பது, அவற்றை உண்மையா என்று சோதிப்பது என்று ஒரு புதுச் சிகிச்சையே அதிலிருந்து பிறந்தது. 2021-இல் நூறு வயதில் அவர் இறந்தபோது, உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் பேச்சுச் சிகிச்சைகளில் ஒன்றாக அது ஆகியிருந்தது.

அந்தச் சிகிச்சையின் அடிப்படை உங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. நம்பிக்கையோடு வாதாடாதீர்கள், அதைச் சோதனைக்கு அனுப்புங்கள். "அசந்தால் எல்லாம் போய்விடும்" என்பதை யாராலும் வாதாடி ஜெயிக்க முடியாது. நீங்கள் பத்து உதாரணம் சொல்வீர்கள், எல்லாம் உங்கள் பதினைந்து வயதில் நடந்ததாக இருக்கும், உண்மையாகவும் இருக்கும். மழை பொய்த்த வருடத்தில் அப்பா ஒரு வாரம் படுத்துவிட்டால் வீடு ஆடிப்போயிருக்கும்தான். ஆனால் அதே வாக்கியத்தை ஒரு கணிப்பாக மாற்றலாம்: "வியாழக்கிழமை டிஸ்பாட்ச் ரிப்போர்ட்டை நான் பார்க்காமல் அனுப்பினால், பெரிய தப்பு ஒன்று நேர்ந்து, கஸ்டமரிடமிருந்து புகார் வரும்." இதைச் சோதிக்க முடியும்.

ஒரு புதுச் சப்ளையர் வந்தால் என்ன செய்வீர்கள்? முதல் லாட்டுகளை நெருக்கிப் பார்ப்பீர்கள். தொடர்ந்து சரியாக வந்தால் மாதிரி அளவைக் குறைப்பீர்கள், தவறு தெரிந்தால் மறுபடி இறுக்குவீர்கள். பத்து வருடமாகச் சரக்கு ஒழுங்காக வரும் ஒரு சப்ளையரிடம் இன்னும் ஒவ்வொரு துண்டையும் அளந்துகொண்டிருந்தால், உங்கள் ஆடிட்டரே சிரிப்பார். உங்கள் எட்டுப் பேரும் அந்தப் பத்து வருடச் சப்ளையர்கள்தான். அவர்களில் மிக நம்பகமான ஒருவரிடமிருந்து தொடங்குங்கள். அவருடைய ரிப்போர்ட்டுகளில், தவறு நேர்ந்தாலும் சமாளிக்கக்கூடிய ரகத்தை மட்டும் பார்க்காமல் விடுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன தப்பு நடக்கும் என்று நினைக்கிறேன், எவ்வளவு நிச்சயம், நடந்தால் என்ன ஆகும். பிறகு நடந்ததை எதிரே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் பிரயோசனமில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்காத நாட்களை மனசு கணக்கில் சேர்ப்பதே இல்லை. டார்வின் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்: தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு தகவல் கண்ணில் பட்டால் உடனே குறித்துவைத்துவிடுவது அவருடைய விதி, ஏனென்றால் சாதகமானவற்றைவிட அவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்று கண்டிருந்தார். அந்த ஆளுக்கே நோட்டு தேவைப்பட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, புத்திசாலிகள்தான் அதில் அதிகம் விழுகிறார்கள். "இத்தனை வருடமாகப் பெரிய தவறு எதுவும் நடக்கவில்லையே, ஏன் இன்னும் பயம் போகவில்லை?" என்று கேட்டால் உங்கள் பதில் தயாராக இருக்கும்: "நான் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் நடக்கவில்லை." பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1990களில் இதை அழகாக விளக்கினார். மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறவர் ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். விழுவதில்லை. சுவர்தான் காப்பாற்றியது என்று முடிவு கட்டுகிறார். பிடிக்காமல் நின்றிருந்தாலும் விழுந்திருக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. உங்கள் இரவு பதினொரு மணி மறு சரிபார்ப்பு அந்தச் சுவர். அதனால் சோதனை நாளில் "சும்மா ஒரு பார்வை" என்று மொபைலில் ரிப்போர்ட்டைத் திறந்தால் அந்தச் சோதனையே செல்லாது. அரைகுறையாகப் பார்ப்பதைவிட, வழக்கம்போல முழுதாகப் பார்த்துவிட்டு இன்னொரு நாள் சோதனை செய்வது மேல்.

தவறு நேர்ந்தால்? நேரும். எட்டுப் பேர் வேலை செய்கிற இடத்தில் நேராமல் இருக்காது. அப்போது நோட்டின் மூன்றாவது வரி உதவும்: நடந்தால் என்ன ஆகும் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் ஆனதா? பெரும்பாலும் ஒரு திருத்திய ரிப்போர்ட்டும் ஒரு போன் அழைப்பும்தான் ஆகியிருக்கும். "தப்பே நடக்காது" என்பதைக் கற்றுக்கொள்வதற்காக இதைச் செய்யவில்லை. நடந்தாலும் வீடு ஆடிப்போகாது என்பதைத்தான் பதினைந்து வயதுப் பையன் இன்னும் நேரில் பார்க்கவில்லை, அவனுக்குக் காட்டவேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உட்காருவதும் இதே முறைதான். நீட்டி எழுதத் தேவையில்லை. அரை மணியில் ஆரம்பியுங்கள், கணிப்பை எழுதிவிட்டு உட்காருங்கள். முதல் சில வாரம் உடம்பு பரபரக்கும். பரபரப்பு தானாகவே ஏறி இறங்குவதைப் பார்ப்பதுதான் அங்கே பாடம்.

பலர் கடைசியில் சிக்கிக்கொள்வது பழக்கத்திலும் இல்லை, பயத்திலும் இல்லை. முகத்தில்தான். "நீதானே எல்லாத்தையும் நானே பார்ப்பேன்னு பெருமையாச் சொல்வே?" என்று ஆபீஸில் கேட்பார்கள். "பணம் வந்ததும் சோறு கசக்குதாக்கும்" என்று ஊரில் கேட்பார்கள். நேற்று சொன்னதற்கு மாறாக இன்று நடந்தால் நாணயம் போய்விடும் என்று நமக்கு ஒரு கூச்சம். காந்தியிடமும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1933 ஏப்ரல் 29 'ஹரிஜன்' இதழில் அவர் எழுதிய பதிலின் சாரம்: முன்பின் முரணில்லாமல் தோன்றவேண்டும் என்ற கவலை எனக்கில்லை, உண்மையைத் தேடும் வழியில் பல கருத்துகளை விட்டிருக்கிறேன், ஒரே விஷயத்தில் என் எழுத்து இரண்டு முரண்பட்டால், என் புத்தி தெளிவாக இருக்கிறது என்ற நம்பிக்கை உங்களுக்கு மிச்சமிருந்தால், பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பேச்சில்லை. 1920களின் தொடக்கத்தில் சாதி கடந்த திருமணத்துக்குத் தடை இருப்பது நல்லது என்று எழுதியவர், 1940களில் மணமக்களில் ஒருவர் ஹரிஜனாக இருந்தால்தான் ஆசி வழங்குவது என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தார். மாறுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் அதிகம் என்று விமர்சிக்க இடமுண்டு, நானும் விமர்சிப்பேன். ஆனால் பழைய சொல்லைக் காப்பாற்றுவதற்காகப் புது உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே யாரிடமும் அறிவிப்புச் செய்யாதீர்கள். "இனிமேல் நான் மாறப்போகிறேன்" என்று சொன்ன நொடியே நாலு பேர் காவலுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அலுவலகத்தில் கேட்டால், "அவர் நன்றாகச் செய்கிறார், அதனால் விட்டுவிட்டேன்" என்று உங்கள் ஆளுக்குப் பெருமை கொடுங்கள், உண்மையும் அதுதான். ஊரில் அம்மாவிடம் சர்க்கரைக் கணக்கையோ அமெரிக்க ஆராய்ச்சியையோ எடுக்காதீர்கள். முதலிலேயே கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, இரண்டாவது முறை அவர் கரண்டியோடு வரும்போது கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது நீங்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள் என்ற திருப்தி. அளவு அவர் கணக்கில் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடவேண்டாம். தட்டு முதலில், ஏனென்றால் டாக்டர் சொல்லியிருக்கிறார், அதோடு அது மூன்றிலும் எளிது. அது பழகிய பிறகு ரிப்போர்ட். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. சேமிக்கும் பழக்கம், கடன் வாங்கத் தயங்குவது, வாக்குக் கொடுத்தால் நேரத்துக்கு நிற்பது ஆகியவையும் அதே வீட்டிலிருந்து வந்தவைதான். அவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் கைவைக்கப் போவதில்லை. பழையது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் விடத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. "அசந்தால் போய்விடும்" என்ற எண்ணம் தூக்கத்தைக் கெடுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வேலையில் கவனம் நிற்கவில்லை என்று இருந்தால், நோட்டும் பேனாவும் மட்டும் போதாது. ஒரு மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். பெக் தொடங்கிவைத்த முறையில் பயின்றவர்கள் இப்போது பல நகரங்களில் இருக்கிறார்கள். உடனே யாரிடமாவது பேசவேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். போகும்போது எனக்கு எழுதிய இந்தக் கேள்வியை அப்படியே கொண்டுபோங்கள். எது பழக்கம், எது பயம் என்று நீங்களே பிரித்து எழுதி அதோடு சேர்த்துக்கொண்டால், முதல் சந்திப்பில் கதை சொல்லப் போகும் நேரம் மிச்சமாகும்.